கட்டி முடித்த கடன் ஏன் இன்னும் தெரிகிறது? அமெரிக்காவில் வைத்தியசாலைக் கடனும் கடன் அறிக்கையும்

கடந்த ஆண்டு ஒருநாள் அதிகாலை இரண்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் யாரும் நல்ல செய்தியை எதிர்பார்ப்பதில்லை. அழைத்தவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் சின்னம்மாவின் மகன். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, வீட்டுக் கடன் தரேலாது எண்டு பாங்கில சொல்லிட்டினம். நான் எப்பவோ கட்டி முடிச்ச காசை இன்னும் கட்டேல்லை எண்டு காட்டுதாம்."

கதை இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் சிறுநீரகக் கல் வலியோடு அண்ணா ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். காப்புறுதி ஒரு பகுதியைச் செலுத்தியது. மிகுதிக்கான பில் அவர் விட்டுப்போன பழைய முகவரிக்குப் போனது. பல மாதங்களுக்குப் பிறகு கடன் அறவிடும் நிறுவனமொன்று தொலைபேசியில் அழைத்து 1,180 டொலர் கேட்டது. அண்ணா அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே வங்கி அட்டை இலக்கத்தைச் சொல்லிக் காசைக் கட்டிவிட்டார். பில்லைப் பார்க்கவில்லை. ரசீது கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கடன்காரன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்றார்.

அவர் அனுப்பிய கடிதங்களின் படங்களை வைத்துக்கொண்டு சில கிழமைகள் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கும், அங்கே பிள்ளைகளும் சகோதரங்களும் இருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த வைத்தியசாலைக் கடன் இப்போது அமெரிக்கக் கடன் அறிக்கையில் இருக்கக் கூடாது. இருந்தால் அது பிழையான பதிவு. அதைத் திருத்தக் கேட்பது உங்கள் உரிமை. அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கட்டியதற்கான அத்தாட்சி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கடன் அறிக்கை என்றால் என்ன?

இலங்கையில் வங்கிக் கடன் எடுத்தவர்களுக்கு 'கிரிப்' என்ற சொல் தெரியும். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான கடன் தகவல் பணியகம் அது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் தகவல்களை அது ஒன்றுசேர்க்கிறது. அமெரிக்காவில் இந்த வேலையை மூன்று தனியார் நிறுவனங்கள் செய்கின்றன: ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன். மூன்றும் தனித்தனி. ஒன்றில் உள்ள பதிவு மற்றொன்றில் இல்லாமலும் இருக்கலாம்.

இந்த அறிக்கைகளிலிருந்துதான் ஒருவருடைய கடன் புள்ளி கணிக்கப்படுகிறது. வீட்டுக் கடன், கார்க் கடன் ஆகியவற்றுக்கு மட்டும் அது பார்க்கப்படுவதில்லை. வாடகைக்கு வீடு தருபவரும் பார்ப்பார். பல மாநிலங்களில் காப்புறுதிக் கட்டணத்தைத் தீர்மானிக்கவும் பயன்படுத்துகிறார்கள். புதிதாகப் போய்க் குடியேறிய ஒருவருக்கு அந்த நாட்டில் 'நல்ல பெயர்' என்பது பெரும்பாலும் இந்த இலக்கம்தான்.

வைத்தியசாலை பில் அங்கே எப்படிப் போகிறது?

அரச வைத்தியசாலைக்குக் கிளினிக் கொப்பியோடு போய் மருந்து எடுத்துக்கொண்டு திரும்பிப் பழகியவர்கள் நாங்கள். பில் என்ற கடதாசியே எங்களுக்குப் புதிது. அமெரிக்காவில் ஒரே நாள் சிகிச்சைக்கு வைத்தியசாலை, வைத்தியர், ஆய்வுகூடம், அம்புலன்ஸ் எனத் தனித்தனியாக பில் வரலாம். காப்புறுதி நிறுவனம் தன் பங்கைக் கட்ட மாதங்கள் எடுக்கலாம். இதற்கிடையில் முகவரி மாறினால் கடிதம் கையில் கிடைக்காது.

குறிப்பிட்ட காலத்துக்குள் காசு வராவிட்டால், வைத்தியசாலை அந்தக் கடனை அறவிடும் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கும், அல்லது விற்றுவிடும். இதைத்தான் அங்குள்ளவர்கள் 'கலெக்சனுக்குப் போய்விட்டது' என்கிறார்கள். அந்த நிறுவனம் மேற்சொன்ன மூன்று பணியகங்களுக்கும் அறிவித்தால் அது உங்கள் கடன் அறிக்கையில் ஒரு கரும்புள்ளியாக விழும்.

இது சிலருடைய பிரச்சினை அல்ல. அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 4 கோடி 30 இலட்சம் கடன் அறிக்கைகளில் மொத்தம் 8,800 கோடி டொலர் மருத்துவக் கடன் பதிவாகியிருந்தது. நோய் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே வைத்தியசாலைக் கடனை வைத்து ஒருவரின் நாணயத்தை அளப்பது சரியா என்ற கேள்வி அங்கே வலுத்தது.

2022 இலிருந்து மாறியவை

அந்த அழுத்தத்தின் பின்னர் மூன்று பணியகங்களும் சேர்ந்து சில மாற்றங்களைச் செய்தன.

முதலாவது, 2022 ஜூலை முதல் கட்டி முடித்த மருத்துவக் கடன்கள் கடன் அறிக்கையிலிருந்து நீக்கப்படுகின்றன. அதற்கு முன்னர், கட்டிய பின்னும் அந்தப் பதிவு ஏழு ஆண்டுகள் வரை நிற்கக்கூடியதாக இருந்தது.

இரண்டாவது, கட்டாத மருத்துவக் கடனை ஒரு வருடம் செல்லும் வரை அறிக்கையில் பதிய மாட்டார்கள். முன்னர் இது ஆறு மாதமாக இருந்தது. காப்புறுதியோடு இழுபறிப்பட இந்தக் காலம் உதவும்.

மூன்றாவது, 2023 ஏப்ரல் முதல் 500 டொலருக்குக் குறைந்த மருத்துவக் கடன்கள் பதிவாவதில்லை.

500 டொலருக்கு மேற்பட்ட, ஒரு வருடத்துக்கு மேலாகக் கட்டாத கடன் இன்னும் பதிவாகலாம். 2025 ஜனவரியில், எல்லா மருத்துவக் கடன்களையும் கடன் அறிக்கையிலிருந்து அகற்றும் விதியொன்றை நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் வெளியிட்டது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் டெக்சாசிலுள்ள சமஷ்டி நீதிமன்றமொன்று அதை இரத்துச் செய்துவிட்டது. விதி வந்த செய்தி வட்ஸ்அப் குழுக்களில் பரவிய வேகத்தில் அது இரத்தான செய்தி பரவவில்லை. 'இனி மருத்துவக் கடன் அறிக்கையில் வராது' என்று நம்பிக் கடிதங்களைத் திறக்காமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று மாற்றங்களும் அந்த நிறுவனங்கள் தாமாக எடுத்த முடிவுகள். அவை சமஷ்டிச் சட்டம் அல்ல. கொலராடோ, நியூயோர்க் போன்ற சில மாநிலங்கள் 2023 இல் தனியாகச் சட்டம் இயற்றின. உங்கள் மாநிலத்தின் நிலை என்ன என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அண்ணாவின் பதிவு ஏன் போகவில்லை?

நான் அவரிடம் முதலில் செய்யச் சொன்னது மூன்று அறிக்கைகளையும் எடுக்கும்படிதான். இரண்டில் அந்தக் கடன் இல்லை. மூன்றாவதில் இருந்தது, அதுவும் 'கட்டப்படவில்லை' என்று. அதாவது, காசை வாங்கிய நிறுவனம் 'கட்டியாயிற்று' என்ற தகவலை அந்த ஓரிடத்துக்குத் தெரிவிக்கவில்லை. அல்லது தெரிவித்தது சரியாகப் பதியப்படவில்லை.

வேறு காரணங்களாலும் இப்படி நடக்கலாம். அறவிடும் நிறுவனம் அதை மருத்துவக் கடன் என்று வகைப்படுத்தாமல் சாதாரணக் கடனாகப் பதிந்திருக்கலாம். ஒரே கடன் இரண்டு நிறுவனங்களின் பெயரில் இரண்டு தடவை பதிவாகியிருக்கலாம். பெயரால் வரும் குழப்பமும் உண்டு. எங்கள் ஆட்களில் பலருக்குத் தகப்பன் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னும் இன்னோர் ஆவணத்தில் பின்னும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் ஒன்று, வைத்தியசாலையில் இன்னொன்று. வேறொருவரின் கடன் உங்கள் அறிக்கையில் வந்து சேர இது போதும்.

கடனட்டையையும் சொல்ல வேண்டும். வைத்தியசாலைப் பில்லைக் கடனட்டையால் கட்டினால் அது அதன்பிறகு மருத்துவக் கடன் அல்ல. வைத்தியசாலையிலேயே விண்ணப்பிக்கச் சொல்லும் மருத்துவச் செலவுக்கான விசேட அட்டைகளும் அப்படித்தான். அந்த அட்டைக் காசைக் கட்டத் தவறினால், மேலே சொன்ன சலுகை எதுவும் கிடைக்காது.

பதிவு நிற்பதால் என்ன பாதிப்பு என்று சிலர் கேட்கலாம். புதிய புள்ளி முறைகளான பைக்கோ 9, வான்டேஜ் ஸ்கோர் 3 மற்றும் 4 ஆகியவை கட்டி முடித்த அறவீட்டுக் கடன்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பரவலாகப் பயன்படும் பைக்கோ 8 எடுக்கிறது. வீட்டுக் கடன் தரும் வங்கிகள் நீண்டகாலமாகப் பயன்படுத்திவந்தவை அதைவிடவும் பழையவை. அண்ணாவின் கைத்தொலைபேசிச் செயலியில் காட்டிய புள்ளி நல்லதாகவே இருந்தது. வங்கி பார்த்த புள்ளி வேறு.

திருத்துவது எப்படி?

முதலில் மூன்று அறிக்கைகளையும் எடுங்கள். 'அனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டொட் கொம்' என்ற தளத்தில் கிழமைக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். இதற்கெனச் சட்டப்படி அமைக்கப்பட்ட தளம் அதுதான். அதே மாதிரிப் பெயரில் காசு கேட்கும் தளங்களும் உண்டு.

அடுத்து, கட்டியதற்கான அத்தாட்சியைத் தேடுங்கள். அறவிடும் நிறுவனத்திடம், கடன் முழுவதும் செலுத்தப்பட்டு மீதி எதுவும் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் வங்கிக் கூற்றில் அந்தக் கொடுப்பனவு உள்ள பக்கத்தை எடுங்கள். வைத்தியசாலையின் கணக்குப் பிரிவிடமும் மீதி இல்லை என்று கடிதம் கேட்கலாம். அண்ணா இரண்டாவது வழியில்தான் மீண்டார். பழைய வங்கிக் கூற்றில் 1,180 டொலர் போன திகதியும் வாங்கியவரின் பெயரும் இருந்தன.

பிறகு, பிழையான பதிவை வைத்திருக்கும் பணியகத்துக்கு முறைப்பாடு எழுதுங்கள். இணையத்திலும் செய்யலாம். ஆனால் கடிதமாகப் பதிவுத் தபாலில், கிடைத்ததற்கான ஒப்புகையோடு அனுப்பினால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். கடிதத்தில் நான்கு விடயங்கள் போதும். உங்கள் முழுப் பெயரும் முகவரியும். எந்தப் பதிவு, அதன் கணக்கு இலக்கம். அது மருத்துவக் கடன் என்பதும் இன்ன திகதியில் முழுவதும் கட்டப்பட்டது என்பதும். ஆகவே அதை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை. ஆவணங்களின் பிரதிகளை மட்டும் இணையுங்கள். மூலப் பிரதியை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். இதேபோன்ற கடிதமொன்றை அறவிடும் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

1970 ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கையிடல் சட்டப்படி, பணியகம் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்துப் பதில் தர வேண்டும். சில சந்தர்ப்பங்களில் 45 நாட்கள் வரை போகலாம். சரியென்று உறுதிப்படுத்த முடியாத பதிவை நீக்கவோ திருத்தவோ வேண்டும். அதன் பின்னும் நீக்காவிட்டால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்திலும், உங்கள் மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகத்திலும் முறையிடலாம்.

இன்னும் கட்டாதவர்கள் அவசரப்பட வேண்டாம்

அண்ணா செய்த முதல் பிழை, கேட்டவுடன் கட்டியது. கடன் அறவிடும் நிறுவனம் முதல் தொடர்பின்போதோ அதிலிருந்து ஐந்து நாட்களுக்குள்ளோ கடனின் விபரத்தைத் தர வேண்டும். அந்த விபரம் கிடைத்து 30 நாட்களுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்தால், அவர்கள் ஆதாரம் தரும் வரை அறவிடுவதை நிறுத்த வேண்டும். அந்த 30 நாட்களில் விரிவான பில்லைக் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி நிறுவனம் தன் பங்கைக் கட்டியதா என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அவசர சிகிச்சைக்காகச் சென்ற வைத்தியசாலை உங்கள் காப்புறுதியின் பட்டியலில் இல்லை என்ற காரணத்துக்காக மேலதிகமாக அறவிட முடியாது. தரைவழி அம்புலன்ஸுக்கு மட்டும் இந்தச் சமஷ்டிப் பாதுகாப்பு இல்லை.

எங்கள் ஆட்களுக்கு அதிகம் தெரியாத வழி இன்னொன்று உண்டு. இலாப நோக்கற்ற வைத்தியசாலைகள் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான நிதியுதவித் திட்டமொன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். சிகிச்சையின் பின்னர் முதல் பில் வந்து 240 நாட்கள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாட்களுக்குள் கடன் பணியகத்துக்கு அறிவிப்பது போன்ற நடவடிக்கைகளில் அவர்கள் இறங்க முடியாது. தகுதி இருந்தால் பில் குறையும், சிலருக்கு முழுவதும் தள்ளுபடியாகும். ஏற்கனவே கூடுதலாகக் கட்டியிருந்தால் திருப்பித் தர வேண்டும். ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கேளுங்கள். சமஷ்டி அரசின் நிதியைப் பெறும் வைத்தியசாலைகள் அதை இலவசமாகச் செய்ய வேண்டும்.

பயம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

வைத்தியசாலைக் கடனைக் கட்ட முடியாதது குற்றமல்ல. அதற்காகக் கைது செய்வோம், நாடு கடத்துவோம் என்று மிரட்டுவது சட்டவிரோதம். காலை எட்டு மணிக்கு முன்னரும் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும் அழைக்கக் கூடாது. உங்கள் கடன் விபரத்தை அயலவருக்கோ ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கோ சொல்லக் கூடாது. சீருடைக்காரர் வாசலில் நின்றால் என்ன நடக்கும் என்று கண்டவர்கள் நாங்கள். யாராவது அதிகாரக் குரலில் பேசினால் முதலில் காசை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அறவிடுபவருக்கு அந்தப் பழக்கம் வசதியானது.

அதேநேரம் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் அதைத் திறக்காமல் வைப்பது பெரிய பிழை. நீங்கள் பதிலளிக்காவிட்டால் தீர்ப்பு தானாகவே எதிர்த்தரப்புக்குப் போய்விடும். பல ஆண்டுகள் பழைய கடன் என்றால் ஒரு டொலரும் கட்டுவதற்கு முன்னர் இலவச சட்ட உதவி நிலையமொன்றைக் கேளுங்கள். சில மாநிலங்களில் சிறு தொகை கட்டினாலும் வழக்குத் தொடரும் காலம் புதிதாகத் தொடங்கிவிடும்.

அண்ணாவை அந்த நாட்களில் இன்னொரு நிறுவனமும் அழைத்தது. 900 டொலர் முன்பணம் தந்தால் அறிக்கையைச் சுத்தமாக்கித் தருவதாகச் சொன்னது. வேலையை முடிக்கும் முன்னர் காசு வாங்குவதை 1996 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவர்கள் எழுதப்போகும் கடிதத்தை முத்திரைச் செலவோடு நீங்களே எழுதலாம்.

பை

2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது சின்னம்மாவின் கையில் இருந்தது ஒரே ஒரு பைதான். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம், அண்ணாவின் சாதாரண தரப் பெறுபேறு எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தா. உடுப்பை விட்டா, நகையை விட்டா, அந்தப் பையை விடவில்லை. கடதாசி இல்லாவிட்டால் தங்கள் பெயரையே நிரூபிக்க முடியாது என்பது அவவுக்குத் தெரியும். எங்களில் அநேகமான வீடுகளில் அப்படி ஒரு பை இருந்தது. காணாமல் போனவர்களின் குடும்பங்களிடம் இன்றும் இருக்கிறது.

அண்ணாவிடம் இதைச் சொன்னேன். "அது சண்டை நேரம்" என்றார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

கடிதம் அனுப்பி ஐந்தாவது கிழமை பதில் வந்தது. பதிவு நீக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்கள் வாங்க விரும்பிய வீடு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அது பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த வீடு. பிள்ளைகள் தங்களுடைய அறையைக்கூடத் தெரிவு செய்துவைத்திருந்தார்கள். அந்த இழப்புக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அவர்கள் இப்போதும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள், வேறு வீடு தேடுகிறார்கள்.

அந்தப் பதில் கடிதத்தை மூன்று பிரதி எடுத்துவைத்திருப்பதாக அண்ணா சொன்னார். அமெரிக்காவிலிருக்கும் உங்கள் உறவுகளுடன் அடுத்த முறை பேசும்போது, சுகம் விசாரித்த பிறகு, வைத்தியசாலைக்குக் கட்டிய காசின் ரசீது கையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை கேளுங்கள்.